பனியில் நின்ற நிரோஷன்

"ஏன் புள்ள, என் தம்பிய எதுக்குப் பனியில நிறுத்தி வச்சிருக்க?"

தனுஷிகாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நாத்தனார் நாகலெட்சுமி காட்டுவது தன் கையிலிருந்த போனை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இது கேம் அண்ணி. ஒரு தீவு. இதுல மிருகங்க வந்து குடியிருக்கும். அதுஅதுக்கு ஏத்த எடத்த நாமதான் செஞ்சு குடுக்கணும். இது பென்குயின். குளிரு இருந்தாத்தான் தங்கும்."

"அது எங்க வேணும்னாலும் தங்கட்டும். அது தலைக்கு மேல நிரோஷன்னு எழுதியிருக்கே, அது என்னா?"

தனுஷிகாவின் சிரிப்பு போய்விட்டது.

"சும்மாதான் அண்ணி."

அவ்வளவுதான் பதில். வெளியே தூறல். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

சும்மாவாம். கட்டின புருசன் பேரை ஒரு பறவைக்கு வைப்பாளாம், அதைப் பனியில் நிற்க வைப்பாளாம், கேட்டால் சும்மாவாம்.

நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. நிரோஷன் அவள் பெற்ற பிள்ளை இல்லைதான். ஆனால் தாய் போன பிறகு, ஒழுகுகிற இந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அவனை மடியில் போட்டு, அடுப்பு முன்னால் உட்கார்ந்து சூடு காட்டி வளர்த்தவள் அவள்தான். "குளிர்லயும் அட்டக்கடியிலயும் நீயும் கெடந்து சாகாத" என்று மல்லுக்கு நின்று அவனைக் கட்டாருக்கு அனுப்பியவளும் அவளே.

பக்கத்துக் காம்பரா வீரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாகலெட்சுமி அவளிடம் போய்க் கொட்டினாள்.

"அவன் பெரிய கடையில வேல செய்யுறான். நாள் பூரா ஏசி. எலும்பு வரைக்கும் குளிருது அக்கான்னு சொல்றான். பாவம்னு ஊருக்கு வந்துட்டுப் போனவங்க கிட்ட கம்பளிச் சுவெட்டர் குடுத்துவிட்டேன். இவ என்னான்னா இங்கயும் அவன ஐஸ் மேல நிறுத்தி வெளையாடுறா."

"இந்தக் காலத்துப் புள்ளைங்க அப்பிடித்தான்" என்றாள் வீரம்மா. "புருசன் அனுப்புன போன்ல புருசனையே வச்சு வெளையாடுதுங்க."

அந்தப் பேச்சு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. நாகலெட்சுமி விறுவிறுவென்று உள்ளே வந்து போனை எடுத்தாள்.

தனுஷிகா அதைத் திறப்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே. தீவு வந்தது. சுற்றிலும் பனி, ஐஸ் கட்டியில் கட்டிய குச்சு வீடு, முன்னால் அந்தப் பென்குயின். இறக்கையை ஒடுக்கிக்கொண்டு நின்றது. அப்படித்தான் சின்ன வயதில் நிரோஷனும், பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து வந்து வாசலில் நிற்பான்.

"பெத்த தாய் இருந்தா இப்பிடி நிக்க விடுவாளா?" என்று முணுமுணுத்தாள். கண் கலங்கிவிட்டது.

திரையின் அடியில் வரிசையாகப் படங்கள். ஐஸ் கட்டி, மரம், விறகுக் கட்டு. விறகைத் தொட்டு, பென்குயின் பக்கத்தில் வைத்தாள். குபுக்கென்று நெருப்பு எரிந்தது.

இன்னொன்று வைத்தாள். குச்சு வீட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குளிரில் நடுங்குகிறவனுக்கு நெருப்பு மூட்டிக் கொடுக்க அவளுக்கு யாரும் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறாள்.

பனி கரைந்தது. ஐஸ் வீடு மளமளவென்று இறங்கித் தண்ணீராய் ஓடியது. தீவு முழுக்கச் சிவந்து கிடந்தது. பென்குயின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் நடந்து, காணாமல் போயிற்று.

எங்காவது கதகதப்பாய் ஒரு மூலை பார்த்துப் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மனசு நிறைந்துவிட்டது. தனுஷிகா வரட்டும், நல்லா நாலு வார்த்தை கேட்கணும்.

போனை வைக்கப் போகும்போது கிணிங் என்றது. நிரோஷனின் போட்டோ. பேசி அனுப்பியிருக்கிறான்.

தம்பியின் குரல் என்றால் அவளுக்குக் கை நிற்காது. அமுக்கினாள்.

"தனு, என்னம்மா ஆச்சு?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஏதோ மிஷின் இரைச்சல்.

"மூட்ட தூக்குறத விட்டு இப்பத்தான் சாப்பாட்டுக்கு விட்டாங்க. குடிக்கிற தண்ணியும் கொதிக்குது. என்கூட வந்த பூண்டுலோயா தோட்டத்துக் கந்தப்பன் நேத்து வெயில்ல சுருண்டு விழுந்தவன் இன்னும் கண்ணு தொறக்கல. அக்காகிட்ட மூச்சு விட்டுறாத. கடையில ஏசியில நிக்கிறேன்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். தான் அனுப்பிதான் இப்பிடி ஆச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காது."

பிறகு அவன் குரல் உடைந்து வந்தது.

"நாள் பூரா வெந்துட்டு, இந்த அர மணித்தியாலம் என் போன்ல அந்தத் தீவத் தொறந்து, நீ செஞ்சு குடுத்த பனியத்தான் பாத்துக்கிட்டு குந்தியிருப்பேன் தனு. அங்கயும் எந்தப் பாவி நெருப்பு வச்சது?"