முப்பத்தாறு கண்ணி

“இதென்ன, எலுமிச்சம்பழத்துக்குத் தொப்பியா?”

பெரியக்கா அதைக் கட்டை விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினாள். நூலக மாடி அறையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“பொம்மைக் கடை வைக்கப் போறா போலிருக்கு,” என்றாள் தையற்காரி.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் மிச்சம் ஏழையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். எட்டும் வெள்ளை. எட்டும் ஒரே அளவு.

வருஷக் கடைசி விடுமுறைக்கு முன்னால், பிரசவ ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுப்பது பெரியக்கா ஆரம்பித்து வைத்த வேலை. இந்த வருஷம் அறுபது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். வந்து சேரும் ஒவ்வொரு தொப்பியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சுற்றுக்கு எழுபத்திரண்டு கண்ணி. ஒன்று குறைந்தாலும், பின்னியது யார் எவர் என்று பார்க்காமல் பிரித்துவிடுவாள்.

“கண்ணி எத்தனை போட்டே?”

“முப்பத்தாறுக்கா.”

“சரியா பாதி! நான் சொன்னது எத்தனை?”

“எழுபத்திரண்டு.”

“காதுக்குக் கேட்டிருக்கு. கைக்குத்தான் கேக்கலை. ஏம்மா, இது எந்தப் பிள்ளை தலைக்குப் பத்தும்?”

“பத்தும்க்கா.”

“அதான் எந்தப் பிள்ளைக்குன்னு கேக்கறேன்.”

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

குழுவில் சேர்ந்து நாலு மாசம் ஆகியும் இப்படித்தான். வருவாள், மூலையில் உட்காருவாள், பின்னுவாள். வீட்டில் யார் யார் என்று கேட்டால், “கடைக்கு நேரமாச்சு,” என்று எழுந்துவிடுவாள். இப்போதும் அதையேதான் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“எட்டையும் தனிப் பையில போட்டுக் குடுத்துடுங்கக்கா.”

“உத்தரவு வேறயா!” என்றாள் தையற்காரி, அவள் படியிறங்கும் முன்பே.

பெரியக்கா மொத்தத்தையும் எண்ணினாள். சின்னது எட்டையும் தள்ளிவிட்டு ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். ஐம்பத்தெட்டுதான். ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலையில் போயாக வேண்டும். கூடையில் ஒரு முழம் நூல் மிச்சமில்லை. நூல் கடையோ விடுமுறைக்கு நேற்றே மூடியாயிற்று.

“அந்த எட்டையும் போட்டா அறுபத்தாறு ஆச்சு. விடுங்களேன் பெரியக்கா,” என்றாள் தையற்காரி.

“எண்ணிக்கைக்காகக் கண்டதையும் சேர்க்கச் சொல்றியா? போட முடியாததைக் குடுக்கறதும் குடுக்காம இருக்கறதும் ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் தொப்பியின் உச்சி முடிச்சை நறுக்கி நூலை இழுத்தாள். சரசரவென்று கழன்று வந்தது. வேலை என்னவோ படு சுத்தம். எட்டையும் பிரித்து முடிக்கும்வரை ஒரு கண்ணிகூட நழுவியிருக்கவில்லை. முடிச்சுகளைக்கூட உறுத்தாதபடி வெளிப்பக்கமாக மறைத்து வைத்திருந்தாள். இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வீம்பு என்று பெரியக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது.

எட்டிலிருந்தும் வந்த நூல் இரண்டு தொப்பிக்குச் சரியாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் அவளே இரண்டையும் பின்னி முடித்தாள். அறுபது.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நர்ஸ் எண்ணிப் பார்த்தாள்.

“அறுபதும் லட்சணமா இருக்கும்மா,” என்றவள், பைக்குள் மறுபடி கையைவிட்டு அடிவரை துழாவினாள். “சின்னது எட்டு எங்கேம்மா?”

“எந்தச் சின்னது?”

“மருந்துக்கடையில இருக்காங்களே, அவங்க போட்டது. இன்னிக்கு உங்ககூட வந்துடும்னு சொன்னாங்களே. முப்பத்தாறு கண்ணி. அளவு குடுத்ததே நான்தான்.”

“அவ்வளவு சின்னது யாருக்கு?”

வராந்தாக் கோடியில் ஓர் அறை சாத்தியிருந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“வீட்டுக்குப் போகாத பிள்ளைங்களுக்கும்மா. அஞ்சு மாசம், ஆறு மாசத்துலயே பிறந்து மூச்சு நின்னுடுதுங்க. குளிப்பாட்டி, ஒரு தொப்பி போட்டு, பெத்தவ கையில ஒரு தரம் குடுப்போம். உள்ள ஒரு பொண்ணு இருக்கு. விடிஞ்சதுலேருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.”

பெரியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

“பிரிச்சுட்டேன்,” என்றாள். நர்ஸுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. “எட்டையும் பிரிச்சுட்டேன்.”

நர்ஸ் அறுபது தொப்பிகளையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப அடுக்கினாள்.

“அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றாள் பெரியக்கா. “நான் என்ன கல்லா?”

“எப்படிம்மா சொல்லுவாங்க? போன வருஷம் இதே விடுமுறை சமயம் அந்த ரூம்ல இருந்தது அவங்கதான். அன்னிக்கு எங்ககிட்ட இருந்தது நீங்க குடுத்ததுல மிஞ்சின தொப்பி ஒண்ணே ஒண்ணு. போட்டா, கழுத்து வரைக்கும் இறங்கிடுச்சு. ‘யாரோ பார்த்துப் பார்த்துப் பின்னியிருக்காங்க, வீட்டுக்குப் போற பிள்ளைக்குப் போடுங்க’ன்னு, அவங்களே கழட்டிக் குடுத்துட்டாங்கம்மா.”