இரண்டு சதவீதம்

முதல் அடியில் கம்ப்யூட்டர் திரை நொறுங்கியது. இரண்டாவது அடியில் மாப்பிள்ளையின் மூக்கு.

அடித்தவன் எக்ஸ்பிரஸ். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் தலைமை மேஸ்திரி. மற்றவர்கள் ஐம்பது நாள் இழுக்கிற கிணற்றை அவன் முப்பத்தைந்து நாளில் முடித்துவிடுவான். வாயு வந்தது, வேலை நின்றது என்கிற பேச்செல்லாம் அவன் ரிக்கில் கிடையாது. அதனால் வந்த பெயர் அது.

அடி வாங்கியவன் அவன் தங்கை புருஷன், அதே கம்பெனியின் ஜியாலஜிஸ்ட். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஏஐ-யைக் கேட்டுச் சொல்வது இவன் வேலை. புதுக் கிணற்றுக்கு அது கொடுத்த கணக்கு ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். எண்ணெய் இருக்க எண்பத்தொன்பது சதவீதம், ஆபத்தான வாயு இருக்க இரண்டே சதவீதம்.

அந்த இரண்டு சதவீதம்தான் நாலு நாளைக்கு முன்னால் வெடித்தது. எக்ஸ்பிரஸின் தம்பி அப்போது ரிக் மேடையில் நின்றிருந்தான். பெட்டியை மூடியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்கக்கூட யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

எக்ஸ்பிரஸின் கையில் இருந்தது தம்பியின் ரெஞ்சு. கைப்பிடி கருகிப் போயிருந்தது.

நாளைக்கு விசாரணை. நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தான். உள்ளே நுழைந்தால், மாப்பிள்ளை பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கிற மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறான். எக்ஸ்பிரஸுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"தடயத்த அழிக்கிறியா? என் தம்பியக் கொன்னுட்டு, என் தங்கச்சி கையாலயே சோறு வாங்கித் திங்கற."

"ஏஐ மெஷின் தப்பாச் சொல்லிடுச்சு மச்சான். விசாரணையிலயும் அப்படித்தான் சொல்லப் போறேன். பழி என் தலையிலயே இருக்கட்டும், விடுங்க."

மூன்றாவது அடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எக்ஸ்பிரஸுக்கே கேட்டது. மாப்பிள்ளை அலறினானே தவிர, மற்றக் கையில் கசக்கிப் பிடித்திருந்த கடைசிக் காகிதத்தை விடவில்லை.

வெளியே ஆட்கள் கதவை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"மெஷினுக்கு என்னடா தெரியும்? அதுக்குச் சொல்லிக் குடுத்தவன் யாரு?"

"வேணாம் மச்சான். அவளுக்கு ஒரு அண்ணன் போனது போதும்."

"எனக்குத் தூக்குத் தண்டனை கெடச்சாலும் பரவால்ல. சொல்லு."

பிடி இறுகியது. மாப்பிள்ளைக்குக் கண் பிதுங்கியது.

"பழைய கிணத்து ரிப்போர்ட்டப் படிச்சுத்தான் அது சொல்லும். பக்கத்துல முன்னாடி தோண்டினப்பவே வாயு வந்திருக்கு. அப்ப எடுத்து வச்ச பாறைத் துண்ட நேத்து சோதிச்சேன், நல்லாத் தெரியுது. ஆனா ரிப்போர்ட்டுல வாயுங்கற கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கு. வந்துச்சுன்னு எழுதினா வேலைய நிறுத்தணும்ல. அத உண்மைன்னு நம்பித்தான் மெஷின் ரெண்டு சதவீதம்னுச்சு."

எக்ஸ்பிரஸ் கழுத்தை விட்டான். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிட்டது.

"நாலு நாள் மிச்சம் பிடிக்கறதுக்கா என் தம்பியக் கரிக்கட்டையாக்கினான்? உன்ன விட்டுடறேன் மாப்ள. அவன விடமாட்டேன். எங்க இருந்தாலும் மண்டையப் பொளப்பேன். எவன் அவன்?"

மாப்பிள்ளை கையிலிருந்த காகிதத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

எக்ஸ்பிரஸ் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காகிதத்தைப் பிடுங்கினான். ரெஞ்சை ஓங்கியபடியே, தான் அதைப் பார்க்காமல், அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதானே அந்த ரிப்போர்ட்டு? படி. கீழ யாரு கையெழுத்து?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

"உங்களுது மச்சான்."