சந்தூக் நின்ற வாசல்

பட்டாசுக் கடை ஜெகபர் அலியின் உடலைச் சுமந்த சந்தூக், பள்ளிவாசலுக்குப் போகும் வழியில், பீவி ஜான் வீட்டு வாசலில் அதை நிறுத்தச் சொன்னான் மகன் ரியாஸ்.

“இங்கன எதுக்குப்பா?” என்றார் ஜமாஅத் தலைவர். “மையித்துக்காகப் பள்ளிவாசல்ல ஆம்பளைககிட்ட மன்னிப்பு கேட்டாப் போதும். பொம்பளைககிட்ட கேக்குற வழக்கமில்லையே!”

“அத்தா ரொம்ப நோகடிச்சது ஒரு பொம்பளையைத்தான், மாமா.”

பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பீவி ஜான் பசைக் கையோடு வெளியே வந்தாள்.

“அத்தா உங்க மனசை நோகடிச்சதை மன்னிச்சிருங்க.”

அவள் சந்தூக்கையே பார்த்தாள். “அல்லாவுக்காக மன்னிச்சுட்டேன். கொண்டு போங்க.”

ரியாஸ் நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“தலாக் சொன்னது அத்தா. அவுக பேச்சைக் கேட்டு, பெத்த தாய் வாசலை இம்புட்டு வருசமா மிதிக்காம இருந்துட்டேன். என்னையும் மன்னிச்சிரும்மா.”

“மொதல்ல அத்தாவை அடக்கம் பண்ணிட்டு வாலே. சோறாக்கி வைக்கேன்.”