டிக்கி விளக்கு

எங்கள் குட்டிக் காரின் பேட்டரி தினமும் காலையில் செத்துக் கிடந்தது. ஆல்டர்னேட்டரை மாற்றியும் அதே கதைதான். மூடிய பிறகும் டிக்கி விளக்கு எரிகிறதோ என்ற சந்தேகத்தில், செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துச் சாத்தினேன்.

மனைவி டிக்கியைத் தட்டினாள். "யாருப்பா உள்ள? லைட்டை அணைச்சுட்டுத் தூங்கு!"

"சொன்னா கேக்குற ஆளு நம்ம வீட்ல ஏது?" என்று சிரித்தேன்.

வீடியோவில், சாத்திய பிறகும் விளக்கு எரிந்தது. மூடி பட்டு அமுங்க வேண்டிய பொத்தான் அமுங்கவில்லை. மனைவியின் குரல் கேட்டது. என் சிரிப்பும் கேட்டது. பிறகு ஸ்டெப்னிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன விரல் வந்து பொத்தானை அழுத்தியது. இருட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து பேட்டரி இறங்கவே இல்லை. டிக்கியை மட்டும் மெதுவாகச் சாத்துகிறோம். விரல் நசுங்கிவிடக் கூடாது.