வெள்ளத்தில் போன பாலம்

பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு ஓடையைக் காட்டினார்.

"இங்கதாங்க நின்னுச்சு. போன மாசம் மலையே எறங்கி வர்ற மாதிரி தண்ணி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அடிச்சிக்கினு போயிடுச்சி."

விசாரணை அதிகாரி சிங்கராயர் எழுதிக்கொண்டார். கரியாலூரைத் தாண்டி ஜீப் போகும் மட்டும் போய், மிச்சத்தை நடந்து கடுக்காப்பட்டுக்கு வந்திருந்தார். இந்த ஓடையில் பாலமே கட்டவில்லை, கட்டியதாகக் காகிதத்தில் காட்டிவிட்டார்கள் என்பது புகார்.

ஒரு வாரமாகத் தொலைக்காட்சியில் இதே பேச்சு. மந்திரி வரைக்கும் பேர் அடிபட்டது. தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இந்த ஆட்சி இனிமேல் தலையெடுக்காது என்று உளுந்தூர்பேட்டை ஓட்டலில் இலை எடுக்கிறவர்கூடச் சொன்னார்.

ஊரில் நான்கு பேர் உண்மையைச் சொன்னால் போதும், வழக்கு நிரூபணமாகிவிடும். ஒருவரும் சொல்லவில்லை.

குஞ்சம்மாள் அந்தப் பாலத்தின் மேல்தான் சாமை காயவைத்தாளாம். கைப்பிடி மஞ்சள் நிறம் என்றார் சின்னதுரை. அவர் தம்பி சின்னராசு நீலம் என்றார். இரண்டு பேரும் சிறிது நேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்று ஒத்துப்போனார்கள்.

சிங்கராயர் ஓடைக்கரைக்குப் போனார். இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கரை புங்கமரத்துக்கும் அந்தக் கரை மரத்துக்கும் நடுவே ஒரு வடக்கயிறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் கடக்கிறது. நடக்க முடியாதவர்களைத் தூளியில் போட்டு நான்கு பேர் தூக்கிக் கடக்கிறார்கள். மாயவனின் மருமகள் கமலாவுக்கு ஏழாம் மாதம்.

"இந்தக் கயிறு எப்ப கட்டினது?"

"பாலம் போனதுக்கு அப்பறந்தாங்க," என்றார் மாயவன்.

சிங்கராயர் புங்கமரத்தைத் தடவிப் பார்த்தார். கயிறு அறுத்த தழும்பு இரண்டு விரல் ஆழத்துக்கு இருந்தது. தழும்பின் இரு ஓரமும் பட்டை மூடி வளர்ந்திருந்தது. ஒரு மாதத்துக் கயிறு அல்ல. பதினைந்து வருடமாவது இருக்கும்.

அவர் திரும்பி மாயவனைப் பார்த்தார். மாயவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வாக்குமூலத்துக்கு எதிராக ஒரு மரம் கூண்டில் ஏறாது. யாரோ முந்திக்கொண்டு வந்து ஊரை வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தார். ஆனால் காசு வாங்கிய களை ஒரு முகத்திலும் இல்லை. மிரட்டியிருப்பார்களோ என்று தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். யாரும் வரவில்லை என்றார்கள். வந்தவர்கள் வெள்ளச் சேதம் எழுதுகிறவர்கள் மட்டும்தானாம். மழையில் இடிந்த பாலங்களுக்குப் பதில் கோடைக்குள் புதுசு கட்ட உத்தரவாகியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"டிவி பாக்கறீங்கதானே?" என்று சின்னதுரையிடம் கேட்டார்.

"பாக்கறோங்க. நாறிக்கினு கெடக்குது."

"அப்பறம் ஓட்டு?"

"அவங்களுக்குத்தாங்க. வேற ஆளு வந்தா மொதல்லேருந்து மனு குடுக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிங்கராயருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. இந்த ஒரு வழக்கையாவது ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் மூச்சிரைக்க ஏறி வந்தார். பொய்ச்சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வரிசையாக வந்து, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள்.

கமலா டீ கொண்டுவந்தாள். மற்றவர்களுக்குத் தட்டில் கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் தனியாக ஒரு டம்ளரை நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை. இந்த ஊரில் அவர் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவளுடைய வாக்குமூலம்தான் கடைசி. பேனாவைத் திறந்தவர் எழுதாமல் கேட்டார்.

"எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு யாரும்மா சொன்னது?"

"எங்க அம்மா வூடு ஆத்துக்குழிங்க. நான் அஞ்சாவது படிக்கறப்ப, அந்த ஊர் பாலத்த விசாரிக்க வந்தீங்க. எங்க வூட்லதான் டீ குடிச்சீங்க."

சிங்கராயருக்கு ஆத்துக்குழி நினைவுக்கு வந்தது. அங்கும் கட்டாத பாலம்தான். ஒரு வீடு விடாமல் வந்து உண்மையைச் சொன்னார்கள். அவருடைய உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமான வழக்கு வேறு கிடையாது. தீர்ப்பு வரும்வரை அந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட யாரும் வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். பதினோரு வருடமாக வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.

கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, காலி டம்ளரை எடுத்தாள்.

"அங்க இன்னும் தூளிதாங்க."