அழிக்கச் சொன்ன பதிவு

"சாயங்காலத்துக்குள்ள அந்தப் பதிவை அழிச்சுடுங்க டாக்டர். நிர்வாகத்துல கொதிச்சுப் போயிருக்காங்க."

மருத்துவமனையின் விளம்பரப் பொறுப்பாளர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நான் என்ன, பொய்யா எழுதியிருக்கேன்?" என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர்.

"உண்மையை எழுதினதுதான் வம்பு! மத்த சர்ஜன்லாம் வயித்துலேர்ந்து எடுத்த கல்லை உள்ளங்கையில வெச்சுப் படம் போட்டு லைக் வாங்கறாங்க. நீங்க, பித்தப்பை ஆபரேஷன்ல கசிவை லேட்டா கவனிச்சேன், அறுபது வயசுப் பெரியவர் இறந்துட்டார்னு போட்டிருக்கீங்க. காலையிலேர்ந்து ரெண்டு பேர் ஆபரேஷனே வேணாம்னு போயிட்டாங்க. செத்தவங்க வீட்டுல படிச்சா என்ன ஆகும்?"

"அவங்ககிட்ட அன்னைக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன். பதிவுல வயசு, ஆணா பெண்ணாங்கறதுன்னு அடையாளத்தையெல்லாம் மாத்தியாச்சு. வீட்டு ஆளுங்க படிச்சாலும் தெரியாது. சின்ன டாக்டர்கள் அதே தப்பைப் பண்ணக் கூடாதுன்னுதான் எழுதினேன்."

"நல்ல மனசுதான் மேடம். அதை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடத்த முடியாதே!"

மருத்துவர் கைபேசியை எடுத்தார். அழிப்பதற்கான பொத்தானின் மேல் விரல் தயங்கி நின்றபோது, கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். வெயிலில் கறுத்த முகம். கையில் ஸ்கேன் உறை.

"பித்தப்பையில கல்லு டாக்டர். நீங்கதான் ஆபரேஷன் பண்ணணும்."

"என் பதிவைப் படிச்சீங்களா?"

"படிச்சுட்டுத்தான் வந்தேன். நான் கப்பல் இன்ஜினியர். இப்பதான் ரிட்டயர் ஆனேன். ஒரு கப்பல்ல தப்பு நடந்தா, மத்த கப்பலுக்கெல்லாம் எழுதி அனுப்புவோம். மறைக்கிறவனோட கப்பல் ஏறத்தான் எங்களுக்குப் பயம்."

பொறுப்பாளரின் முகம் மலர்ந்தது. "சார், இதையே ஒரு வீடியோவா சொல்றீங்களா?"

"நமக்கும் கேமராவுக்கும் ஆகாது தம்பி."

பொறுப்பாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறினார். மருத்துவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நிஜமாவே பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா கடைசியா ஒண்ணு எழுதியிருந்தீங்களே... மயக்க மருந்துக்கு முன்னாடி அந்த நோயாளி சொன்னதா, 'நான் எழுந்து வர்றதுக்குள்ள என் புதுச் செருப்பை எவனாவது மாட்டிட்டுப் போயிடப் போறான், பார்த்துக்கங்க'ன்னு..."

"சிரிச்சுக்கிட்டே சொன்னது. அதை மட்டும் மாத்த மனசு வரலை."

வந்தவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க பேசினது வெளியில கேட்டுச்சு. பதிவை அழிச்சுடாதீங்கம்மா. அப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். மருமகன்தான் உங்ககிட்ட பேசினார்." உறையை மடியில் வைத்து நீவினார். "அந்தச் செருப்பு, ஏதோ ஒரு துறைமுகத்துல பார்த்து, என் பொண்ணுக்குன்னு நான் வாங்கி அனுப்பினது."