பெஞ்சில் ஒருவன்

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரிப்பது சகாயராஜின் வேலை. ஓரமாகக் குந்தினாலும் சூப்பர்வைசர் வந்து நிற்பார். உடனே எழுந்து கைகட்டி நிற்க வேண்டும். லீவு நாளில் வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டபடி டிவியில் ஃபுட்பால் வீடியோ கேம் ஆடுவான். கேமில் அவன் நடத்தும் அணியில் பதினாறு சீசனாக ஓடும் ஒருவனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். இன்று அவனைத் தூக்கி, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போட்டான்.

“ஒங்க பேர ஏன் எடுத்துட்டீங்க?” என்றாள் மனைவி ஃப்ளோரா.

“அவனாவது கொஞ்சம் உக்காரட்டும்.”

ஆட்டம் தொடங்கியது. கேமரா மெல்ல பெஞ்சுப் பக்கம் திரும்பியது. மற்றவர்கள் சாய்ந்து கிடந்தார்கள். அவன் மட்டும் சட்டென்று எழுந்து கைகட்டி நின்றான்.